100 கிராம் கணக்கு எங்கே வழுக்குகிறது: சர்க்கரைவள்ளிக்கிழங்கும் ஆரஞ்சுச் சாறும், டர்பனிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

கீழே வரும் நோயாளி தனி ஒருவர் அல்ல. நீரிழிவு உள்ளவர்களிடம் அடிக்கடி சேர்ந்து காணப்படும் பழக்கங்களையும் பரிசோதனை முடிவுகளையும் ஒன்றுகூட்டிக் கற்பித்தலுக்காக அமைத்த நிகழ்வு இது. அவருடைய இரத்தப் பரிசோதனை எண்களும் அப்படி அமைத்தவையே. உணவின் சத்து அளவுகள் பொதுப் பயன்பாட்டில் உள்ள உணவுச் சத்து அட்டவணைகளின் சராசரிகள். ரகத்துக்கு ரகம், மண்ணுக்கு மண் சற்று மாறும்.

நிகழ்வு

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் சாட்ஸ்வொர்த் பகுதியில் வசிக்கும் 58 வயதுப் பெண். இரண்டாம் வகை நீரிழிவு ஒன்பது ஆண்டுகளாக உண்டு. இரத்த அழுத்தமும் உண்டு. உயரம் 158 செ.மீ., எடை 74 கிலோ. நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் 1 கிராமும் கிளிக்லசைட் 80 மி.கி.யும் காலையிலும் மாலையிலும். இரத்த அழுத்தத்துக்கு எனலாப்ரில் 10 மி.கி. நாளுக்கு ஒன்று. ஆகஸ்டில் எடுத்த எச்.பி.ஏ1சி (சுமார் மூன்று மாதச் சராசரி இரத்தச் சர்க்கரையைக் காட்டும் அளவு) 7.3%, பொட்டாசியம் லிட்டருக்கு 4.6 மில்லிமோல், சிறுநீரக வடிகட்டு வேகம் 58.

புரட்டாசி பிறந்ததும் வீட்டில் இறைச்சி நின்றது. மாலைச் சாப்பாடு வேகவைத்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு சுமார் 150 கிராம், ஒரு கிண்ணம் டால், கொஞ்சம் கீரை என்று இருந்தது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிறகு அவர் கண்ணில் ஒரு சத்து அட்டவணை பட்டது. 100 கிராம் கிழங்கில் மாவுச்சத்து 17.7 கிராம், 100 கிராம் ஆரஞ்சுச் சாற்றில் 10.4 கிராம். கிழங்கின் பெயரிலேயே சர்க்கரை வேறு இருக்கிறது. சாறு இலேசானது, விரதத்துக்கும் ஏற்றது என்று முடிவு செய்து மாலைத் தட்டை எடுத்துவிட்டார். ‘100% பழச்சாறு, சர்க்கரை சேர்க்கப்படவில்லை’ என்று அச்சிட்ட பெட்டியிலிருந்து மாலையில் 350 மி.லி. கொள்ளும் உயரமான கண்ணாடி நிறையக் குடித்தார். காலையிலும் தேநீருக்குப் பதில் அதே அளவு. இரண்டு துண்டு பிரவுன் பிரெட் மாறவில்லை. மாத்திரைகளும் மாறவில்லை. புரட்டாசி முடிந்து தீபாவளி கழிந்த பின்னும் அந்தப் பழக்கம் நிலைத்துவிட்டது.

ஜனவரி இறுதியில் எச்.பி.ஏ1சி 8.4%. பொட்டாசியம் 5.3. எடை ஒரு கிலோ கூடியிருந்தது. வீட்டில் விரலில் குத்திப் பார்த்த இரத்தச் சர்க்கரை அளவுகளில்தான் (லிட்டருக்கு மில்லிமோல் கணக்கில்) விஷயம் தெளிவாகத் தெரிந்தது: மாலைச் சாற்றுக்கு முன் 8.4, ஒரு மணி நேரத்தில் 14.6, இரண்டு மணி நேரத்தில் 11.2. விடியற்காலை மூன்று மணிக்கு வியர்த்து எழுந்து பார்த்தபோது 3.6. உடனே இன்னொரு முழுக் கண்ணாடி சாறு. காலையில் 12க்கு மேல். ஒரே இரவில் மேலே ஒரு ஏற்றம், கீழே ஒரு சரிவு, மறுபடி ஏற்றம்.

அட்டவணையைத் திரும்பப் படித்தல்

அவர் பார்த்த எண்கள் இரண்டுமே சரி. ஒப்பிட்ட முறைதான் சரியில்லை. வெந்த கிழங்கில் சுமார் 80 விழுக்காடு நீர். சாற்றில் சுமார் 88. ஆகவே 100 கிராமுக்கு 100 கிராம் வைத்தால் நீர் கூடிய பொருள் எப்போதும் இலேசாகத்தான் தெரியும். யாரும் 100 கிராம் சாறு குடிப்பதில்லை. தட்டில் விழும் அளவையும் கண்ணாடியில் விழும் அளவையும் பக்கத்தில் வைத்தால் இப்படி வருகிறது:

| | கிழங்கு 100 கிராம் | கிழங்கு, தட்டில் 150 கிராம் | சாறு 100 கிராம் | சாறு, கண்ணாடியில் 350 மி.லி. |
|---|---|---|---|---|
| ஆற்றல், கிலோஜூல் | 318 | 477 | 188 | 685 |
| மொத்த மாவுச்சத்து, கிராம் | 17.7 | 26.6 | 10.4 | 38 |
| நார்ச்சத்து, கிராம் | 2.5 | 3.8 | 0.2 | 0.7 |
| நார் நீக்கிய மாவுச்சத்து, கிராம் | 15.2 | 22.8 | 10.2 | 37 |
| அதில் சர்க்கரைகள், கிராம் | 5.7 | 8.6 | 8.4 | 30.6 |
| புரதம், கிராம் | 1.4 | 2.1 | 0.7 | 2.5 |
| பொட்டாசியம், மி.கி. | 230 | 345 | 200 | 728 |
| வைட்டமின் சி, மி.கி. | 12.8 | 19 | 50 | 182 |
| வைட்டமின் ஏ, மைக்ரோகிராம் | 787 | 1180 | 10 | 36 |

(கிழங்கு தோல் நீக்கி வேகவைத்த ஆரஞ்சு நிறச் சதை ரகம். சாறு 350 மி.லி. எடையில் சுமார் 364 கிராம்.)

100 கிராம் பத்திகளில் ஆற்றலிலும் மாவுச்சத்திலும் சாறு வெல்கிறது. மற்ற இரண்டிலும் கணக்குத் தலைகீழ். அவர் விட்டது 8.6 கிராம் சர்க்கரை. சேர்த்துக்கொண்டது காலை மாலை இரண்டும் கூட்டி 61 கிராம், அதாவது நான்கு கிராம் கொள்ளும் தேக்கரண்டியில் பதினைந்து. உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல் பழச்சாற்றின் சர்க்கரையையும் ‘கட்டற்ற சர்க்கரை’ என்றே எண்ணுகிறது. நாளுக்கு 2000 கிலோகலோரி சாப்பிடுபவருக்கு அதன் மேல் வரம்பு 50 கிராம். 25க்குள் நிற்பது இன்னும் நல்லது. முழுப் பழத்தின் சர்க்கரை இந்தக் கணக்கில் சேராது.

சாற்றுக்கு நியாயம் செய்ய வேண்டிய இடமும் உண்டு. வைட்டமின் சி, ஃபோலேட் இரண்டிலும் அது கிழங்கைத் தாண்டி நிற்கிறது. ஆனால் வயது வந்த பெண்ணுக்கு நாளுக்கு 75 மி.கி. வைட்டமின் சி போதும்; ஒரு நடுத்தர ஆரஞ்சுப் பழத்திலேயே அது ஏறத்தாழ கிடைத்துவிடும், நாரும் கூடவே வரும். கிழங்கின் பலம் வைட்டமின் ஏ. அது ஆரஞ்சு நிறச் சதையில் மட்டும்தான். இங்கே கடைகளில் நிறைய விற்கும் பிளெஸ்பொக் போன்ற செந்தோல், வெளிர்சதை ரகத்தில் அந்தச் சத்து இல்லை என்றே சொல்லலாம். பொஃபெலோ போன்ற ஆரஞ்சு ரகம் கிடைத்தால் அதை எடுங்கள். வைட்டமின் ஏ ஆக மாறும் பீட்டா கரோட்டின் உடலில் சேரக் கொழுப்பு வேண்டும். தாளிக்கும் ஒரு தேக்கரண்டி எண்ணெய் போதும்.

கிளைசெமிக் குறியீடு என்ற குழப்பம்

இந்த நிகழ்வைப் பேசும்போது யாராவது ஒருவர் குறியீட்டை எடுத்து வைப்பார். ஆரஞ்சுச் சாற்றின் குறியீடு 50ஐ ஒட்டியது. வேகவைத்த சர்க்கரைவள்ளிக்கிழங்குக்கு ரகத்தையும் வேகும் நேரத்தையும் பொறுத்து 40களிலிருந்து 60கள் வரை. அதே கிழங்கை ஓவன் அடுப்பில் சுட்டால் 80ஐயும் தாண்டும். அப்படியானால் சுட்ட கிழங்கைவிடச் சாறு மேலல்லவா?

குறியீடு எதை அளக்கிறது என்று பார்த்தால் பதில் கிடைக்கும். நார் நீக்கிய மாவுச்சத்து 50 கிராம் வரும் அளவு உணவைக் கொடுத்து, இரண்டு மணி நேரம் இரத்தக் குளுக்கோஸை அளந்து, தூய குளுக்கோஸோடு ஒப்பிடுகிறார்கள். எவ்வளவு குடிப்பீர்கள் என்பது அதில் இல்லை. ஆரஞ்சுச் சாற்றின் சர்க்கரையில் சுமார் பாதி சுக்ரோஸ், மீதி குளுக்கோஸும் ஃபிரக்டோஸும். பிரித்துக் கூட்டினால் மொத்தத்தில் பாதி ஃபிரக்டோஸ். அது பெரும்பாலும் கல்லீரலுக்குப் போகிறது, குத்திப் பார்க்கும் துளியில் உடனே காட்டுவதில்லை. குறியீடு தாழ்ந்து நிற்க அதுவே முக்கியக் காரணம். கல்லீரலுக்குப் போன ஃபிரக்டோஸ் அளவு மீறும்போது டிரைகிளிசரைடாக மாறுகிறது என்பதை எந்தக் குறியீட்டு எண்ணும் சொல்லாது. வயிறு நிறைந்ததா என்பதும் அதில் இல்லை. 350 மி.லி. சாறு பிழிய நான்கைந்து பழம் வேண்டும். அத்தனை பழத்தையும் உரித்து மென்று தின்றால் பாதியிலேயே போதும் என்றாகிவிடும். சாறாக இரண்டு நிமிடத்தில் இறங்கிவிடுகிறது.

குறியீட்டை அளவோடு பெருக்கினால்தான் பயன்; வருவதைக் கிளைசெமிக் சுமை என்பார்கள். 22.8 கிராமை 50 விழுக்காடு என்று வைத்தால் கிழங்குத் தட்டின் சுமை சுமார் 11. 37 கிராமை அதே 50 விழுக்காட்டில் பெருக்கினால் சாற்றின் சுமை 18. காலைக் கண்ணாடியையும் சேர்த்தால் 37.

வேகவைப்பதற்கும் சுடுவதற்கும் இடையே இத்தனை வித்தியாசம் வருவது கிழங்கின் சொந்த நொதியால். மெல்லச் சூடேறும்போது, ஏறத்தாழ 60 முதல் 75 பாகை வரை, பீட்டா அமைலேஸ் மாவை மால்டோஸ் சர்க்கரையாக வெட்டுகிறது. ஓவனில் முழுக்கிழங்கு அந்த வெப்பத்தில் நெடுநேரம் கிடக்கிறது. சுட்ட கிழங்கு தேன் கசியும் அளவுக்கு இனிப்பது அதனால்தான். நீரும் வற்றுவதால் 100 கிராமில் மாவுச்சத்து 20.7 கிராமாகச் செறிந்துவிடும். கொதிக்கும் நீரில் சிறு துண்டுகளாகப் போட்டால் அந்த வெப்பத்தைக் கிழங்கு விரைவாகத் தாண்டிவிடுகிறது. எனவே மூன்று செ.மீ. துண்டுகள், நீர் கொதித்த பின் கிழங்கு, 15 முதல் 20 நிமிடம், கத்தி நுழையும்போது சற்றுத் தடை இருக்க இறக்குவது. குழைய விட்டால் மாவு முழுவதும் ஊறித் திறந்து, செரிமானமும் வேகமாகும். வெண்ணெயும் பழுப்புச் சர்க்கரையும் போட்டுப் பாகாக்கும் இந்த நாட்டுப் பக்குவம் இந்தக் கணக்குக்குள் வரவே வராது.

அளவு வெந்த பின் எடுக்கும் எடை. தராசு இல்லாவிட்டால் மசித்து அளக்கலாம்: 250 மி.லி. கப்பில் பாதிக்குச் சற்றுக் குறைவு, 150 கிராம்.

கிழங்குக்குக் கிழங்கு

‘கிழங்கு நல்லது’ என்று பொதுவாகச் சொல்லி அனுப்புவதில் ஓர் ஆபத்து இருக்கிறது. வார்விக் பகுதியின் அதிகாலைச் சந்தையிலோ சாட்ஸ்வொர்த் பங்களாதேஷ் சந்தையிலோ மடும்பி (சேப்பங்கிழங்கு) குவிந்திருக்கும் மாதங்களில் சர்க்கரைவள்ளிக்குப் பதில் அதுவே தட்டுக்கு வரும். வெந்த மடும்பி 100 கிராமில் மாவுச்சத்து 34.6 கிராம், நார் 5.1. நாரில் அது முந்துகிறது, சர்க்கரை அரை கிராம்தான். ஆனால் நார் நீக்கிய மாவுச்சத்து 29.5 கிராம். 150 கிராம் மடும்பி போட்டால் 44 கிராம், சாற்றுக் கண்ணாடியையே மிஞ்சிவிடும். பழைய கிழங்குத் தட்டுக்குச் சமமாக வேண்டுமானால் சுமார் 80 கிராம் மடும்பி, அல்லது வேகவைத்த உருளைக்கிழங்கு 125 கிராம். மடும்பியைத் தோலோடு நன்றாக வேகவைத்து உரித்து, புளி சேர்த்துக் கறியாக்கும் வழக்கம் சரியானதே. அரைவேக்காட்டில் கால்சியம் ஆக்சலேட் ஊசிகள் தொண்டையை அரிக்கும்.

பொட்டாசியம்

5.3 என்ற உயர்ந்த எண்ணைக் கண்டதும் உணவின் மேல் பழி போடக் கூடாது. இரத்தம் எடுக்கும்போது அணுக்கள் உடைந்தாலும் இந்த எண் பொய்யாக உயரும். மறுமாதிரி எடுத்தே தீர வேண்டும். இங்கே மறுமாதிரியும் 5.2. மூன்று காரணங்கள் சேர்ந்திருக்கின்றன: எனலாப்ரில் பொட்டாசியத்தை உடலில் தக்கவைக்கிறது, சிறுநீரக வடிகட்டு வேகம் 58 என்று குறைந்திருக்கிறது, முன்பு கிழங்கில் 345 மி.கி. வந்த இடத்தில் இப்போது இரண்டு கண்ணாடிச் சாற்றில் 1450 மி.கி. ‘குறைந்த சோடியம்’ என்று விற்கும் உப்பையும் விசாரிக்க வேண்டும், அதில் இருப்பது பொட்டாசியம் குளோரைடு. வேகவைத்த நீரை வடித்துவிட்டால் கிழங்கின் பொட்டாசியம் ஒரு பங்கு அதோடு போய்விடும். சாற்றில் வடிப்பதற்கு எதுவுமில்லை. சுட்ட கிழங்கிலும் எதுவும் வெளியேறாது; 100 கிராமுக்கு 475 மி.கி. அப்படியே நிற்கும்.

நடு இரவுச் சரிவு

இந்த நிகழ்வில் உயிருக்கு நெருக்கமான பகுதி இதுதான். எச்.பி.ஏ1சியை மட்டும் பார்த்து மாத்திரையைக் கூட்டியிருந்தால் நிலைமை மோசமாகியிருக்கும். கிளிக்லசைட் கணையத்தை இன்சுலின் சுரக்கத் தூண்டுகிறது, வயிற்றில் உணவு இருக்கிறதா என்று பார்க்காமல். சாற்றின் சர்க்கரை இரண்டு மணி நேரத்தில் தீர்ந்துவிட்டது. அதன் பின் மெல்லச் செரிக்க டாலின் புரதமும் இல்லை, மாவும் இல்லை. மாத்திரை மட்டும் விடியும் வரை வேலை செய்தது. மாலைச் சாப்பாட்டை எடுத்துவிடும் எவரும், விரதமானாலும் வேறு காரணமானாலும், மாலை வேளை கிளிக்லசைட் அல்லது அதே வகைக் கிளிமெபிரைடு பற்றி முதலில் மருத்துவரிடம் கேட்க வேண்டும். தாமாக நிறுத்துவதும் கூடாது, தாமாகத் தொடர்வதும் கூடாது.

சரிவு வந்துவிட்டால் சாறுதான் சரியான மருந்து, கிழங்கு உதவாது. 4.0க்குக் கீழே போனால் 15 கிராம் விரைவுச் சர்க்கரை வேண்டும்: ஆரஞ்சுச் சாறு 150 மி.லி. 15 நிமிடம் பொறுத்து மறுபடி குத்திப் பார்க்க வேண்டும், இன்னும் 4.0க்குக் கீழே இருந்தால் இன்னொரு 150. சரியான பின், அடுத்த சாப்பாட்டுக்கு நேரம் இருந்தால் ஒரு துண்டு பிரெட். இவர் குடித்தது 350 மி.லி., இரண்டு மடங்குக்கும் மேல். காலையில் அளவு 12ஐத் தாண்டியதற்கு அதுவே காரணம். பொட்டாசியம் கூடியவருக்கு ஆப்பிள் சாறு ஏற்றது, அதில் 100 கிராமுக்கு 101 மி.கி.தான். 150 மி.லி. கொள்ளும் ஒரு சிறிய டம்ளரைப் படுக்கைக்குப் பக்கத்தில் தனியாக வைப்பது நல்லது. நடுக்கத்தில் யாரும் அளந்து ஊற்ற மாட்டார்கள்.

கடையில் பெட்டியைப் படிப்பது

தென்னாப்பிரிக்காவில் ‘சுகாதார மேம்பாட்டு வரி’ 2018 ஏப்ரலில் வந்தது. 100 மி.லி.யில் 4 கிராமுக்கு மேல் சர்க்கரை உள்ள பானங்களுக்கு வரி. 100% பழச்சாற்றுக்கு விலக்கு. வரி இல்லாததால் அதில் தீங்கும் இல்லை என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். உடலுக்கு அந்த விலக்கு தெரியாது. திராட்சைச் சாற்றில் 100 மி.லி.க்குச் சுமார் 14 கிராம் சர்க்கரை, பெரும்பாலான கோலா பானங்களைவிடக் கூடுதல்.

முன்பக்கப் படத்தை நம்பாதீர்கள். சேர்பொருள்கள் எடை வரிசையில் இறங்குமுகமாக அச்சாகின்றன. மாம்பழம் வரைந்த பெட்டியில் முதல் பெயர் திராட்சையோ ஆப்பிளோவாக இருப்பதுண்டு. சத்து அட்டவணையில் ‘கிளைசெமிக் கார்போஹைட்ரேட்’ என்ற வரியைத் தேடுங்கள், அது நாரைக் கழித்த அளவு. ஒரு பரிமாறல் என்று அவர்கள் சொல்வது 200 மி.லி.யா 250ஆ என்று பார்த்து, உங்கள் கண்ணாடி எவ்வளவு கொள்ளும் என்று ஒருமுறை அளவுக் குவளையில் ஊற்றிப் பாருங்கள். பலர் வியப்பது அந்த இடத்தில்தான்.

வீட்டில் ஒப்பிட்டுப் பார்க்க

அறிவுரையைவிட அவருடைய சொந்த எண்களே அவரை நம்பவைக்கும். மாலை மாத்திரையை மருத்துவர் சரிசெய்த பின், வெவ்வேறு நாட்களில், ஒரே நேரத்தில், ஏறத்தாழ 23 கிராம் நார் நீக்கிய மாவுச்சத்து வரும்படி மூன்று உணவுகள்: வேகவைத்த கிழங்கு 150 கிராம், ஆரஞ்சுச் சாறு 215 மி.லி., உரித்த ஆரஞ்சு 250 கிராம் (நடுத்தரப் பழம் இரண்டு). ஒவ்வொன்றோடும் அதே கிண்ணம் டால். உண்ணும் முன், ஒரு மணி, இரண்டு மணி என மூன்று அளவுகள். சாறு பொதுவாக ஒரு மணியில் கூர்மையாக ஏறி இரண்டில் இறங்கும்; கிழங்கும் பழமும் தாழ்வாக, அகலமாகப் பரவும். இரண்டு மணி அளவை மட்டும் எடுப்பவருக்குச் சாறு குற்றமற்றதாகத் தெரிவது இதனால்தான். தொடங்கும் அளவு நாளுக்கு நாள் மாறுமாதலால் ஏற்றத்தின் வித்தியாசத்தை ஒப்பிட வேண்டும். ஆரஞ்சு உரித்த விரலைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைக்காமல் குத்தினால், தோலில் ஒட்டிய பழச் சர்க்கரையே 15, 18 என்று காட்டிவிடும்.

எடுத்த முடிவுகள்

அவரிடம் சொன்னது இவ்வளவுதான்: “அம்மா, கிழங்கை நீங்கள் விட வேண்டியதே இல்லை. பழைய தட்டைத் திரும்ப வையுங்கள், சாற்றைப் பழமாக மாற்றிக்கொள்ளுங்கள். ராத்திரி மாத்திரையை டாக்டர் சொல்கிறபடி மட்டும் எடுங்கள்.”

மாலையில் வேகவைத்த கிழங்கு 150 கிராம், டால் அல்லது கத்ரா பீன்ஸ் என்ற பயறு ஒரு கிண்ணம், கீரை. பீன்ஸிலும் மாவுச்சத்து உண்டு. கிண்ணம் பெரிதானால் கிழங்கை 100 கிராமாகக் குறைக்க வேண்டும். காலையில் சர்க்கரை போடாத தேநீர், பிரெட் இரண்டு துண்டு, நிலக்கடலை வெண்ணெய் அல்லது முட்டை. புரட்டாசியில் முட்டைக்குப் பதில் ‘சுகர் பீன்ஸ்’ என்ற பயறு. ஆரஞ்சு நாளுக்கு ஒன்று, முழுப் பழமாக. சாறு வேண்டும் என்று மனம் கேட்கும் நாளில் 125 மி.லி., சாப்பாட்டோடு, பிரெட்டில் ஒரு துண்டைக் குறைத்துக்கொண்டு. தனியாக, வெறும் வயிற்றில் வேண்டாம்.

தைப்பூசக் காவடிக்கு முன் பல நாள் விரதம் இருப்பவர்கள் ஒருவேளை உணவு முறைக்குப் போவதால், அந்த ஒருவேளை எது, மாத்திரை எந்த நேரத்தில் என்பதை விரதம் தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்பே கிளினிக்கில் எழுதி வாங்க வேண்டும். 4.0க்குக் கீழே போனால் அந்த நாள் விரதத்தை முடித்துவிட வேண்டும் என்ற விதியும் அதே தாளில் இருக்கட்டும்.

பொட்டாசியத்தை இரண்டு வாரத்தில் மறுபடி பார்க்க வேண்டும், எச்.பி.ஏ1சியை மூன்று மாதம் ஆகும் முன் பார்ப்பதில் பயனில்லை, பழைய நாட்களின் சர்க்கரை அதில் இன்னும் ஒட்டியிருக்கும். அதுவரை வழிகாட்டுவது வீட்டு அளவுகள்: காலை 4 முதல் 7, சாப்பிட்டு இரண்டு மணியில் 10க்குள், முதல் இரண்டு வாரம் மட்டும் விடியற்காலை மூன்று மணிக்கு வாரம் இருமுறை. மூன்று மணி அளவு ஒருமுறையாவது 4.0க்குக் கீழே வந்தால் அடுத்த சந்திப்புக்குக் காத்திருக்காமல் அன்றே தொடர்புகொள்ள வேண்டும்.